எஸ்.சி.சி. ஆன்லைன் இல்லாமல் சட்ட இதழ் நடத்த முடியுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு மாணவி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் கல்லூரியும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு. தறி ஓட்டும் குடும்பம். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவர்தான். மாணவர்களே எழுதி, மாணவர்களே திருத்தி வெளியிடும் சட்ட ஆய்விதழ் ஒன்றைக் கல்லூரியில் தொடங்கியிருக்கிறார்கள். ஆசிரியர் பொறுப்பு இவரிடம் வந்திருக்கிறது. முதல் இதழின் பொருள், பாலாறும் தோல் தொழிற்சாலைகளும். கட்டுரைகள் கைக்கு வந்துவிட்டன. அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கத்தான் வழி தெரியவில்லை.

"எங்கள் நூலகத்தில் ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) தீர்ப்புத் தொகுப்பின் பழைய வால்யூம்களும் பாடப்புத்தகங்களும்தான் இருக்கின்றன. எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபாத்ரா மாதிரிக் கட்டணம் கட்டித் தீர்ப்பு தேடும் தளம் எதுவும் கிடையாது. பெங்களூரில் படிக்கும் தோழி தன் லாகினைத் தருகிறேன் என்கிறாள், வாங்கிக்கொள்ளலாமா? இலவசத் தளமான இந்தியன் கானூனே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். ஜூனியர்கள் சாட்ஜிபிடியிடம் கேட்டு வழக்குகளைச் சேர்த்துத் தருகிறார்கள். நூலகப் புத்தகங்களை ஸ்கேன் செய்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் தப்பா?" என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். கடைசியில், "வேலூரில் இருந்துகொண்டு ஆய்விதழ் நடத்த முடியாது என்று எங்கள் ஆசிரியர் ஒருவரே சொல்லிவிட்டார். அது உண்மைதானா?" என்கிறார். ஒரு ஜூனியர் எழுதிய கட்டுரையின் முதல் பக்கத்தையும் மாதிரிக்கு இணைத்திருக்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று புரிந்தது. உங்களுக்கு இரண்டு கவலைகள் ஒன்றாகக் கலந்துவிட்டிருக்கின்றன. ஒன்று, கட்டணத் தரவுத்தளம் இல்லை என்பது. இன்னொன்று, அடிக்குறிப்பு தவறாகிவிடுமோ என்பது. முதல் கவலையைத் தீர்த்தால் இரண்டாவதும் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். அப்படி நடக்காது. எல்லாத் தரவுத்தளங்களையும் வைத்திருக்கும் கல்லூரிகளின் இதழ்களிலும் தவறான அடிக்குறிப்புகள் வருகின்றன. நீங்கள் அனுப்பிய பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த முதல் பக்கம்

அதில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "வேலூர் மாவட்டத்தில் 467 கிணறுகளில் 350 மாசடைந்துவிட்டதாக உச்ச நீதிமன்றம் கண்டறிந்தது." அடிக்குறிப்பில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம், (1996) 5 எஸ்.சி.சி. 647. வழக்கு சரி, சைட்டேஷன் (தீர்ப்பு எந்தத் தொகுப்பில், எந்தப் பக்கத்தில் என்ற குறிப்பு) சரி, இரண்டு எண்களும் தீர்ப்பில் இருப்பவைதான். அப்படியும் அந்த வரி இரண்டு இடத்தில் தவறு.

தீர்ப்பைத் திறந்து அந்த எண்கள் வரும் பத்தியை மேலிருந்து படியுங்கள். 350 கிணறுகள் பற்றிய கணக்கெடுப்பு, திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்தது. வேலூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வழக்கின் பெயரில் வேலூர் இருப்பதால் எல்லாமே பாலாற்றங்கரை விவரம் என்று உங்கள் ஜூனியர் நினைத்துவிட்டார். ஆனால் அந்த வழக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தோடு திண்டுக்கல், ஈரோடு, திருச்சி, செங்கை மாவட்டங்களில் இருந்த தொழிற்சாலைகளையும் சேர்த்துப் பேசிய வழக்கு.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. அந்தப் பத்தி, மனுதாரர் தரப்பு என்ன சொல்கிறது என்று நீதிமன்றம் எடுத்துச் சொல்லும் பத்தி. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழாகிவிட்டது என்ற புகழ்பெற்ற எண்ணும் அங்கேதான் வருகிறது. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் செய்த முதற்கட்ட ஆய்வு. ஆகவே "கண்டறிந்தது" என்று எழுத முடியாது. "மனுவில் கூறப்பட்டதாகத் தீர்ப்பு பதிவு செய்கிறது" என்றுதான் எழுத வேண்டும். வழக்குரைக்கும் எங்களுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைக்கும் இடம் இதுதான்.

இந்தத் தவற்றைப் பிடிக்க எந்தத் தரவுத்தளமும் தேவைப்படவில்லை. தீர்ப்பின் முழு உரையும், ஒரு பத்திக்கு முன்னும் பின்னும் படிக்கும் பொறுமையும் போதுமாக இருந்தன. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் மாணவர் இதழ்களுக்கு நூறாண்டுக்கும் மேலான மரபு உண்டு. ஹார்வர்டு இதழ் 1887இல் தொடங்கியது. அங்கே இளைய உறுப்பினர்களின் முதல் வேலை கட்டுரை எழுதுவது கிடையாது. அடிக்குறிப்பில் சொன்ன ஒவ்வொரு மூலத்தையும் நூலகத்திலிருந்து திரட்டி, கட்டுரையின் வரியையும் மூலத்தின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். அதற்கு உதவ நூலகர்களும் கூடவே இருப்பார்கள். இந்தப் பழக்கத்தை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கட்டுரைக்கு இரண்டு பேர், அதை எழுதியவர் அதில் இருக்கக் கூடாது. மூலத்தைக் கண்ணால் பார்க்காத அடிக்குறிப்பு அச்சுக்குப் போகக் கூடாது.

தீர்ப்பை எங்கிருந்து படிப்பது

"பழைய ஏ.ஐ.ஆர். வால்யூம்கள்தான்" என்று குறைவாகச் சொல்லிவிட்டீர்கள். மேலே சொன்ன தீர்ப்பு ஏ.ஐ.ஆர். 1996 எஸ்.சி. 2715. அந்த வருடத்து வால்யூம் உங்கள் அலமாரியில் இருந்தால், முதல் இதழின் முக்கியமான மூலம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. 1914லிருந்து வரும் தொகுப்பு அது. தூசி தட்டி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏ.ஐ.ஆரில் படித்துவிட்டு அடிக்குறிப்பில் எஸ்.சி.சி. என்று போடாதீர்கள். எது படித்தீர்களோ அதைத்தான் குறிக்க வேண்டும், ஏனென்றால் பக்கமும் பத்தி எண்ணும் தொகுப்புக்குத் தொகுப்பு மாறலாம். உங்கள் ஜூனியர் பக்கத்தில் எஸ்.சி.சி. சைட்டேஷனும் வேறெங்கிருந்தோ வந்த பத்தி எண்ணும் சேர்ந்து நிற்கின்றன. அதையும் பாருங்கள்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இப்போது அரசே இலவச வழி திறந்திருக்கிறது. அதிகாரபூர்வத் தொகுப்பான எஸ்.சி.ஆர்., 2023 ஜனவரியிலிருந்து இ-எஸ்.சி.ஆர். என்ற பெயரில் யாரும் கட்டணமில்லாமல் படிக்கக் கிடைக்கிறது. புதிய தீர்ப்புகளுக்கு நடுநிலை சைட்டேஷன் எண்ணும் தருகிறார்கள். எந்தத் தனியார் தொகுப்பையும் சாராமல் அந்த எண்ணை வைத்தே குறிக்கலாம். உங்கள் இதழுக்கு இது நேரடியாகப் பயன்படும், ஏனென்றால் பாலாற்றுக் கதை 1996இல் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று, வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் விரிவான தீர்ப்பு வழங்கியது. அதன் நடுநிலை சைட்டேஷன் 2025 ஐ.என்.எஸ்.சி. 131. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து அதை வசூலிப்பது, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு என்று போகும் தீர்ப்பு அது. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மற்ற பக்கங்களிலும் இல்லையென்றால் அந்தக் கட்டுரை ஒரு தலைமுறை பின்தங்கிவிடும்.

இந்தியன் கானூன் பற்றிக் கேட்டீர்கள். 2008லிருந்து இருக்கும் அந்தத் தளத்தை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். வழக்கைத் தேடிக் கண்டுபிடிக்க அருமையானது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டின என்ற பட்டியலும் அங்கே உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பு இன்றும் சட்டமாக நிற்கிறதா, பின்னால் வந்த பெரிய அமர்வு அதை மாற்றிவிட்டதா என்பதை நீங்களே அந்தப் பட்டியலைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டணத் தளங்களில் அதை அவர்களுடைய ஆசிரியர் குழு குறித்து வைத்திருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது முக்கியமாக அந்த உழைப்பைத்தான். எனவே தேடுவதற்கு இந்தியன் கானூன், மேற்கோள் காட்டுவதற்கு எஸ்.சி.ஆர். அல்லது அச்சுத் தொகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு 1891லிருந்து வரும் எம்.எல்.ஜே.யும் (மெட்ராஸ் லா ஜர்னல்), எல்.டபிள்யூ.வும் (லா வீக்லி) இன்னும் தவிர்க்க முடியாதவை. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் பல மூத்த வழக்கறிஞர்களின் அறைகளில் இந்தத் தொகுப்புகள் வரிசையாக இருப்பதைப் பார்க்கலாம். தயங்காமல் கேளுங்கள். ஒரு மாணவி புத்தகம் பார்க்க வந்திருக்கிறாள் என்றால், காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பவர்கள்தான் எங்கள் வழக்கறிஞர்களில் அதிகம். கட்டணத் தளத்தில் ஒரு வழக்கின் இன்றைய நிலையைப் பார்க்க வேண்டுமென்றாலும், சந்தா கட்டியிருக்கும் வழக்கறிஞர் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார்.

தோழியின் லாகின்

வேண்டாம். கிரிமினல் கேஸ் வரும் என்று பயமுறுத்த மாட்டேன்; அவள் சம்மதத்தோடு நீங்கள் பார்ப்பதை அந்த அளவுக்கு யாரும் கொண்டுபோக மாட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கு அவளுடைய கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தின்படி அவளுக்குக் கிடைத்தது. அதை வெளியாருக்குக் கொடுப்பது ஒப்பந்த மீறல். ஒரே கணக்கில் பெங்களூரிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் ஆட்கள் நுழைந்தால் தெரிந்துவிடும். கணக்கு முடங்கினால் அடி விழுவது உங்கள் மேல் இல்லை, அவள் மேல். கல்லூரியில் ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகலாம். அவள் தன் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு விவரத்தைப் பார்த்து உங்களுக்குச் சொன்னால் அது வேறு, அதில் தப்பில்லை.

அதற்குப் பதிலாக நூலகரிடம் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம கல்லூரி ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் சேர்ந்திருக்கா சார்?" மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்து, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திட்டம் இது. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கானது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அந்த நிறுவனங்களின் மாணவர்கள் இலவசமாகப் படிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்களும் அதில் உண்டு. ஒருங்கிணைப்பது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையம். உங்களுடையது அரசுக் கல்லூரி என்றால் உங்களுக்கு இது உரிமையாகவே கிடைக்க வேண்டியது. பதிவு நடந்திருக்காவிட்டால் இதழின் ஆசிரியர் குழு சார்பில் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். வாய்மொழிக் கோரிக்கை ஃபைலில் ஏறாது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இது ஆய்விதழ்களுக்கான திட்டம். தீர்ப்புத் தொகுப்புகளுக்கு மேலே சொன்ன வழிகள்தான்.

தனியார் கல்லூரி என்றாலும் கதவு முழுதாக மூடிவிடவில்லை. எஸ்.எஸ்.ஆர்.என். தளத்தில் பல சட்டக் கட்டுரைகளின் முன்வடிவங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்காவில் உள்ளன. ஒரு கட்டுரையை ஏற்பதற்கு முன்பு அதே விஷயத்தை வேறு யாராவது ஏற்கெனவே எழுதிவிட்டார்களா என்று பார்க்க முதலில் போக வேண்டிய இடம் சோத்கங்காதான். பாலாற்று மாசு என்று தேடினாலே எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று தெரியும். சட்ட ஆணைய அறிக்கைகள், நாடாளுமன்ற விவாதங்கள், அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் எல்லாமே இலவசம். எதுவும் கிடைக்காவிட்டால் கட்டுரை எழுதிய பேராசிரியருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாக அனுப்பி வைப்பார்கள்.

சாட்ஜிபிடி தரும் வழக்குகள்

2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா என்ற வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி சொன்ன முன்தீர்ப்புகளை நம்பி மனுவில் போட்டார்கள். அப்படி வழக்குகளே இல்லை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. உங்கள் ஜூனியர்களுக்கு அபராதம் வராது, ஆனால் முதல் இதழிலேயே இல்லாத வழக்கு ஒன்று அச்சானால் இரண்டாவது இதழை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். தேடுவதற்கு என்ன சொற்களைப் போடலாம் என்று அதனிடம் கேட்பதில் தப்பில்லை. அது சொல்லும் வழக்கை மேலே சொன்ன ஏதாவது ஒரு மூலத்தில் திறந்து படித்த பிறகுதான் கட்டுரையில் சேர்க்க வேண்டும். கட்டுரையாளர்களிடம் ஒப்புதல் படிவம் வாங்கும்போதே இந்த நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள்.

ஸ்கேன், ஜெராக்ஸ், தலைக்குறிப்பு

இங்கே நீங்கள் பயப்பட வேண்டிய இடமும் பயப்படத் தேவையில்லாத இடமும் மாறிக் கிடக்கின்றன. தீர்ப்பின் உரையை எவ்வளவு வேண்டுமானாலும் படியெடுக்கலாம், வெளியிடலாம். நீதிமன்றமே தடை செய்திருந்தால் தவிர. பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52(1)(q) அதை அனுமதிக்கிறது. ஆனால் தீர்ப்புக்கு மேலே தொகுப்பாளர்கள் சுருக்கமாக எழுதிச் சேர்த்த தலைக்குறிப்பு அவர்களுடைய படைப்பு. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோதக், (2008) 1 எஸ்.சி.சி. 1 வழக்கில், தீர்ப்பின் மூல உரை எல்லோருக்கும் பொது, தொகுப்பாளர் அறிவைச் செலுத்திச் சேர்த்த பகுதிகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் பார்த்த மாணவர் கட்டுரைகளில் மிக அதிகமாக வரும் பிழையும் இங்கேதான்: தலைக்குறிப்பில் இருக்கும் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு "நீதிமன்றம் கூறியது" என்று எழுதிவிடுகிறார்கள். அது நீதிபதி எழுதிய வாக்கியமே கிடையாது.

புத்தகம், கட்டுரை விஷயத்தில், சொந்த ஆய்வுக்காக நியாயமான அளவு நகல் எடுப்பதைப் பிரிவு 52(1)(a) காக்கிறது. ஓர் அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்து, அந்தக் கட்டுரையைச் சரிபார்க்கும் இருவர் வைத்துக்கொள்வதில் எனக்குச் சிக்கல் தெரியவில்லை. முழுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து பெரிய வாட்ஸ்அப் குழுவில் போடுவதை ஆய்வு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. டெல்லி ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் மாணவர் பக்கம் தீர்ப்பு வந்ததே என்று யாராவது சொல்லலாம். அது வகுப்பில் பாடம் நடத்துவதற்கான நகல்களைப் பற்றியது. மாணவர் இதழை அதில் அடக்க முடியும் என்று நான் உறுதி தர மாட்டேன்.

வேலூரில் இருப்பது

இப்போது உங்கள் ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். இந்தப் பொருளில் எழுத டெல்லியில் இருக்கும் மாணவருக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது. அவர் தீர்ப்பைப் படிக்கலாம். தீர்ப்புக்குப் பின் என்ன நடந்தது என்ற பதிவுகள் இங்கேதான் இருக்கின்றன. 1996 தீர்ப்பு ஒவ்வொரு தோல் தொழிற்சாலையும் 10,000 ரூபாய் அபராதத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கட்டச் சொன்னது. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையத்தை அமைக்கச் சொன்னது. கட்டியவர்கள் எத்தனை பேர், இழப்பீடு எந்தெந்தக் கிராமத்துக்குப் போனது என்று யாராவது ஒரு கட்டுரையில் ஆவணத்தோடு எழுதினால், அதைத் தேடி மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் இதழுக்கு வருவார்கள்.

அதற்கு வழி தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள். "எல்லா விவரமும் தருக" என்று கேட்டால் ஒன்றும் வராது. எந்த வருடம், எந்த உத்தரவு, எந்த வட்டம் என்று குறுக்கிக் கேளுங்கள். வந்த பதிலின் கடித எண்ணும் தேதியும் அப்படியே அடிக்குறிப்பாகும். கீழ்நீதிமன்றத் தீர்ப்பு வேண்டுமென்றால் வழக்கில் சம்பந்தமில்லாதவரும் காரணம் சொல்லி காப்பி அப்ளிகேஷன் போடலாம். அனுமதிப்பது நீதிமன்றத்தின் விருப்பம்.

தேடும்போது மாவட்டத்தின் பெயரில் கவனம் வேண்டும். இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. 1989 வரை வட ஆற்காடு, அதன்பின் திருவண்ணாமலை பிரிந்துபோக, வட ஆற்காடு அம்பேத்கர், பிறகு வேலூர், 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டங்கள். வாணியம்பாடியும் ஆம்பூரும் இன்று திருப்பத்தூர் மாவட்டம். ஆகவே வாணியம்பாடி பற்றிய 1985ஆம் வருட ஆவணத்தை வட ஆற்காட்டிலும், 2010ஆம் வருட ஆவணத்தை வேலூரிலும், இன்றையதைத் திருப்பத்தூரிலும் தேட வேண்டும். "வேலூர் மாவட்டப் புள்ளிவிவரம்" என்று 2015ஐயும் 2022ஐயும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். இரண்டும் வேறு வேறு நிலப்பரப்பு.

இன்னும் பின்னால் போக வேண்டுமா? ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேடு 1881இல் வந்தது. பாலாறு அன்று எப்படி இருந்தது, எவ்வளவு ஏரிகளுக்கு நீர் போனது என்று பார்க்க நல்ல தொடக்கம். அரசாணைகளுக்கும் பழைய வருவாய்த் துறை நடவடிக்கைக் குறிப்புகளுக்கும் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போக வேண்டும். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட அறிமுகக் கடிதத்தோடு போங்கள். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம், 1896லிருந்து இருப்பது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி அங்கே சேர வேண்டும். பழைய நாளிதழ்களும் கிடைக்கும். காட்பாடியில் காலை ரயில் ஏறினால் இரண்டையும் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக அலையாமல், எல்லாக் கட்டுரைகளுக்கும் சேர்த்து ஒரு தேடல் பட்டியல் போட்டு இரண்டு பேர் போனால் பஸ், ரயில் செலவு மிச்சம்.

சட்டம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்

சட்டப் பிரிவுகளுக்கு அரசின் சட்டத் தொகுப்புத் தளமான இந்தியா கோட் நல்லது. ஆனால் திருத்தம் உங்கள் மாநிலத்துக்குப் பொருந்துமா என்பதை அரசிதழில்தான் உறுதி செய்ய வேண்டும். உங்கள் பொருளிலேயே உதாரணம் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 15இல் முன்பு ஐந்தாண்டு வரை சிறை இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அது 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரையிலான பணத் தண்டமாகிவிட்டது. இது நாடு முழுக்கப் பொருந்தும். நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படி இல்லை. அது அரசமைப்பின் 252ஆம் பிரிவின்கீழ் வந்தது. முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகளுக்கு மட்டும் பொருந்தியது. மற்ற மாநிலங்களில் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் பொருந்தும். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதும் கட்டுரை உங்கள் கைக்கு வந்தால், தமிழ்நாட்டு ஏற்புத் தீர்மானத்தின் தேதியைக் கட்டுரையாளரிடம் கேளுங்கள்.

பெயர் போடும் முன்

நீங்கள் கேட்காத ஒரு விஷயம். கட்டுரைகளில் தொழிற்சாலைகளின் பெயர் வரும். "இந்தத் தொழிற்சாலை ஆற்றில் கழிவை விட்டது" என்று எழுதினால், தீர்ப்பிலோ வாரிய உத்தரவிலோ அந்தப் பெயர் அதே குற்றத்துக்காக இருக்க வேண்டும். மனுவில் இருந்தால் "குற்றம் சாட்டப்பட்டது" என்று மட்டும் எழுதலாம். ஊரார் சொன்னது என்றால் பெயரை எடுத்துவிடுங்கள். அவதூறு வழக்கு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356இன்கீழ் வரும். மாணவர் இதழ் என்பதற்காகச் சலுகை கிடையாது. எழுதியவரோடு ஆசிரியரான உங்களையும் சேர்ப்பார்கள். தீர்ப்பை விமர்சிக்கப் பயப்பட வேண்டாம். முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பாகாது என்று 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. பெயர்கள் வரும் பத்திகளை மட்டும் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூலத்தின் பக்க எண்ணைக் குறித்து, அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். இங்கே அனுப்பினால் நானே படித்துக் குறித்துத் தருகிறேன்.